தவணை ஏறவில்லை: அரும்பாக்கத்தில் ஒரு மனையும் ஒரு குடும்பமும்

அரும்பாக்கம் எம்.எம்.டி.ஏ. காலனியில், நான் வளர்ந்த தெருவுக்கு அடுத்த தெருவில், விடியற்காலை நாலரைக்கே விளக்கு எரிந்துவிடும் வீடு ஒன்று உண்டு. முன்பக்கம் ஆறடி அகலத்தில் ஒரு திண்ணை. அதில் இரண்டு அடுப்பு, ஒரு பெரிய இட்லிக் குண்டான், புகையில் கறுத்த சுவர். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் காசு கொடுத்தும் கடன் சொல்லியும் அங்கே இட்லி தின்றிருக்கிறேன். கடைக்காரம்மாவை அப்போது அக்கா என்று கூப்பிடுவோம். இப்போது தெருவே ஆயா என்கிறது.

பல வருடங்களாக மகளிர் குழுக்களோடு வீட்டுக் கடன் சம்பந்தமான வேலையில் இருக்கிறேன். சொந்த வீடு ஒரு ஏழைக் குடும்பத்துக்கு உண்மையில் என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால் முதலில் என் கண்முன் வருவது அந்தத் திண்ணைதான். அங்கே பல மாலைகள் உட்கார்ந்து ஆயாவிடமும் அவருடைய பெரிய மகனிடமும் மகளிடமும் பேசி, அவர்கள் பத்திரப்படுத்தியிருக்கும் காகிதங்களைப் பார்த்து இதை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று ஆயா சொல்லிவிட்டார். தொகைகள் ரசீதுகளிலிருந்தும் அவர்களுடைய ஞாபகத்திலிருந்தும் எடுத்தவை.

எட்டு வருடத்தில் ஐந்து வீடு

1973-ல் கல்யாணமாகி ஆயா பட்டணம் வந்தார். கணவர் கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குபவர். ஜார்ஜ் டவுனில் ஒண்டுக் குடித்தனம். ஒரே அறை, எட்டுக் குடும்பத்துக்கு ஒரு குழாய், ஒரு கக்கூஸ். 1981 வரைக்குமான எட்டு வருடத்தில் ஐந்து முறை வீடு மாறியிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் ஏன் காலி செய்தார்கள் என்று கேட்டேன். இரண்டு முறை வாடகை ஏற்றியதால். ஒரு முறை வீட்டுக்காரரின் மகளுக்குக் கல்யாணம், அறை தேவைப்பட்டது. ஒரு முறை கைக்குழந்தையின் அழுகை. கடைசி முறை ஆயா வாசலில் பணியாரம் சுட்டு விற்றார்; சுவர் கறுக்கிறது என்று வீட்டுக்காரம்மா அடுப்பையே காலால் தள்ளிவிட்டாராம்.

“வாடகைக்கு இருந்தா ஓனரு மூஞ்சியப் பாத்துதான் நமக்குப் பொழுது விடியும். அவுங்க சிரிச்சா நாம சிரிக்கலாம்” என்றார் ஆயா.

அந்தப் பணியார அடுப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் இன்றைக்கும் அவர் குரல் மாறுகிறது. இந்தக் குடும்பத்தின் கதையை நான் அங்கிருந்துதான் புரிந்துகொள்கிறேன். குடியிருக்கும் இடத்தில் பிழைக்கவும் முடிய வேண்டும். ஏழைக்கு வீடும் கடையும் பெரும்பாலும் ஒரே இடம். வாடகை வீடு முதலாவதைத் தரும், இரண்டாவதை எப்போது வேண்டுமானாலும் காலால் தள்ளிவிடும்.

மனை கொடு, வீட்டை அவர்களே கட்டிக்கொள்வார்கள்

1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தபின் சென்னையில் குடிசைப் பகுதிகளுக்கு அடுக்குமாடிகள் எழுந்தன. கட்டக் கட்டச் செலவு ஏறியது, தேவையோ அதைவிட வேகமாக ஏறியது. 1977-ல் உலக வங்கிக் கடனோடு சென்னை நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது யோசனையைத் திருப்பிப் போட்டார்கள். வீடு கட்டித் தராமல், சிறிய மனையும் சாலையும் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் கொடுப்பது. மீதியைக் குடும்பம் தன் கையிருப்புக்குத் தகுந்தபடி கட்டிக்கொள்ளட்டும் என்பது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மூன்றும் முதல் கட்டத்து இடங்கள். பின்னால் முகப்பேரும் மதுரவாயலும் சேர்ந்தன. அரும்பாக்கத்து இடத்துக்கு அன்றைய சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் ஆங்கில முதலெழுத்துகளே பெயராக நின்றுவிட்டன. 1996-ல் மெட்ராஸ் சென்னையானது, குழுமத்தின் பெயரிலும் எம் போய் சி வந்தது. காலனி மட்டும் எம்.எம்.டி.ஏ. ஆகவே இருக்கிறது.

விலை எப்படிக் குறைந்தது? நகர எல்லையில் அரசு கையகப்படுத்திய நிலம், சின்னச் சின்ன மனை, குறுகலான தெரு. இன்னொரு சூட்சுமமும் உண்டு. எல்லா மனையும் ஏழைகளுக்கே என்று வைக்காமல் பெரிய மனைகளையும் கடை மனைகளையும் கூடுதல் விலைக்கு விற்று, அந்த லாபத்தில் சின்ன மனைகளின் விலையைக் குறைத்தார்கள். அதனால் ஒரே காலனியில் மூட்டை தூக்குபவரும் பள்ளி ஆசிரியரும் அரசு குமாஸ்தாவும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடியேறினார்கள். ஆயாவின் இட்லிக்குப் பின்னாளில் வாடிக்கையாளர்களாக வந்தவர்கள் அந்தக் குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகள்தான். இதைத் திட்டம் போட்டவர்கள் யோசித்தார்களோ என்னவோ, நடந்தது இதுதான்.

இவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 40 சதுர மீட்டர். ஒரு கிரவுண்டில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. மனையில் ஒரு மேடை, ஒரு கழிவறை, ஒரு குழாய். முன்பணம் போக மிச்சத்தை இருபது வருடத் தவணையில் கட்ட வேண்டும். ஆயாவின் கணக்குப்படி மாதத் தவணை ஐம்பது ரூபாய்க்குள். ஜார்ஜ் டவுன் அறைக்கு அவர்கள் கடைசியாகக் கொடுத்த வாடகையும் ஏறக்குறைய அதே அளவுதான். முன்பணத்தில் ஒரு பகுதியைக் கணவரின் தம்பி கொடுத்தார். பின்னால் இது தலைவலியாக வந்தது.

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். காட்டுக்குப் போறீங்களே, பாம்பு புடுங்குமே என்றார்கள். பொய்யில்லை. தெருவிளக்கு சரியாக எரியாது, அக்கம்பக்கத்தில் பாதி மனை முள் மண்டிக் கிடந்தது. கொத்தவால்சாவடியில் வேலை நள்ளிரவில் ஆரம்பிக்கும். கணவர் பத்து கிலோமீட்டருக்குக் குறையாமல் சைக்கிள் மிதித்துப் போய் வந்தார். மேடையைச் சுற்றி மூங்கில் நட்டு ஓலை வேய்ந்து 1981 கடைசியில் குடிவந்தார்கள். ஆயா அப்போது இளைய மகனைச் சுமந்துகொண்டிருந்தார்.

கம்பியில் கோத்த சலான்கள்

ஆயாவிடம் ஒரு கம்பி இருக்கிறது. மளிகைக்கடைகளில் பில் குத்தி வைப்பார்களே, அப்படி அடியில் மரக்கட்டை வைத்த, நுனி வளைந்த கம்பி. இருபது வருடத்துச் சலான்களும் அதில் இருக்கின்றன. அடியில் இருப்பவை பழுப்பேறி, தொட்டால் உதிர்கின்றன. சிலவற்றில் இட்லி மாவு காய்ந்த கறை. ஒரு சாயங்காலம் அவற்றை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். எண்பதுகளின் ஆரம்பத்தில் இருந்த அதே தொகைதான் தொண்ணூறுகளின் கடைசியிலும். இடையில் அரிசி விலை, பஸ் டிக்கெட், கூலி எல்லாம் ஏறிவிட்டன. தவணை ஏறவில்லை.

வீட்டுக் கடன் பேசுகிறவர்கள் வட்டி விகிதத்தைப் பேசுவார்கள், மானியத்தைப் பேசுவார்கள். இந்த ஒரு சங்கதிக்குத் தர வேண்டிய மரியாதையை யாரும் தருவதில்லை என்பது என் வருத்தம். வாடகைக்காரருக்குக் கூலி உயர்ந்தால் அதைக் கொண்டுபோக வாடகை பின்னாலேயே வரும். தவணைக்காரருக்குக் கூலியில் உயர்ந்தது அவர் கையிலேயே நிற்கும். முதல் ஐந்து வருடம் தொண்டையை இறுக்கிய ஐம்பது ரூபாய், பதினைந்தாவது வருடத்தில் இரண்டு நாள் இட்லி வியாபாரத்துக்குள் அடங்கிவிட்டது.

1987

அந்த வருடம் மழைக்காலத்தில், லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கும்போது கணவர் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பில் அடி. எட்டு மாதம் வேலை இல்லை, அதற்குப் பின்னும் பழைய பாரம் தூக்க முடியவில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு விடுப்பு கிடையாது, இழப்பீடும் கிடையாது. மூன்று பிள்ளைகள், கடைசிக்கு ஐந்து வயது.

நான்கு மாதத் தவணை நின்றது. நோட்டீஸ் வந்தது. ஐந்தாவது மாதம் மூக்குத்தியையும் மகளின் கொலுசையும் அடகு வைத்து அபராத வட்டியோடு கட்டியிருக்கிறார் ஆயா. அந்தச் சலானும் கம்பியில் இருக்கிறது. இதையே ஜார்ஜ் டவுன் அறையில் வைத்து யோசித்துப் பாருங்கள். இரண்டாவது மாதமே பாத்திரம் பண்டம் தெருவுக்கு வந்திருக்கும். இங்கே நோட்டீஸுக்கும் வெளியேற்றத்துக்கும் நடுவில் மூச்சு விட அவகாசம் இருந்தது. கஷ்டம் வந்த குடும்பத்துக்கு முதலில் வேண்டியது அதுதான், பணம் அதற்கு அடுத்தபடி.

இட்லிக்கடை பிறந்ததும் அந்த நாட்களில்தான். மேடைக்கு முன்னால் விட்டு வைத்திருந்த ஆறடி மண்ணில் செங்கல் வைத்து அடுப்பு மூட்டினார். கேட்க ஆளில்லை. சுவர் கறுத்தால் அவர் சுவர். மூத்தவன் பன்னிரண்டு வயதில் காலையில் பார்சல் கட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனான். அவன் படிப்பு பத்தாவதோடு நின்றதில் இந்த வருடத்துக்குப் பங்கு உண்டு என்று ஆயாவே சொல்கிறார். அதை மறைக்க நான் விரும்பவில்லை. வீடு இருந்ததால் எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று எழுதினால் அது பொய்.

அப்போது இன்னொன்றும் நடந்தது. புரோக்கர் ஒருவர் வந்து, பவர், அதாவது மனையை நம் சார்பில் கையாள இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம், எழுதிக் கொடுத்தால் கையில் ரொக்கம் தருவதாகச் சொன்னார். தவணை முடியாத மனையை விற்க முடியாது என்பதால் காலனியில் நிறைய பேர் பவர் பத்திரம் மூலம் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். படுத்த படுக்கையாக இருந்த கணவர் சரி என்றுவிட்டார். ஆயா அந்தக் கம்பியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு ஆசிரியரிடம் கொடுத்து, நான் கேட்டால் தவிர யார் கேட்டாலும் தராதீங்க என்றாராம். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. மூன்றாம் நாள் புரோக்கர் வந்தபோது, காயிதம் இல்லை, போய்வாங்க என்று ஆயாவே வாசலில் நின்று சொன்னார்.

கையில் உரிமைக் காகிதம் இருந்தால் மனிதர்கள் வேறு மாதிரி முடிவெடுக்கிறார்கள் என்பதற்கு வெளியூர்ச் சான்றுகளும் உண்டு. அர்ஜென்டினாவில் புவெனஸ் ஐரிஸ் நகரை ஒட்டிய ஒரு பகுதியில், 1981-ல் ஒரே சமயத்தில் காலி நிலத்தில் குடியேறிய குடும்பங்களில் சிலருக்குப் பட்டா கிடைத்தது, நில உரிமையாளர்கள் வழக்காடியதால் சிலருக்குக் கிடைக்கவில்லை. பின்னால் ஒப்பிட்டுப் பார்த்தபோது பட்டா கிடைத்தவர்கள் வீட்டில் அதிகம் செலவழித்திருந்தார்கள், பிள்ளைகளை அதிகம் படிக்க வைத்திருந்தார்கள். ஆனால் பட்டாவைக் காட்டி வங்கிக் கடன் வாங்குவது பெரிதாகக் கூடவில்லை. பெருவில் தொண்ணூறுகளில் தொடங்கிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தபோது, வீட்டைக் காவல் காக்க ஒரு ஆளை நிறுத்த வேண்டிய தேவை விட்டது. வெளியே போய் வேலை செய்யும் நேரம் கூடியது. ஆயாவின் வீட்டிலும் இவை இரண்டையும் பார்க்கலாம். கடன் விஷயமும் அதே மாதிரிதான். இந்த மனையைக் காட்டி அவர்கள் எந்த வங்கியிலும் பெரிய கடன் வாங்கியதில்லை. தளம் போட்டது சீட்டுப் பணத்தில், மாடி எடுத்தது மகளிர் குழுப் பணத்தில்.

ஓலை, ஷீட்டு, தளம்

வீடு எப்படி வளர்ந்தது என்று கேட்டால் ஆயா வருடத்தைச் சொல்வதில்லை. மகள் வயசுக்கு வந்த வருஷம் ஓலையை எடுத்துட்டு சிமெண்ட் ஷீட்டு போட்டோம், சீட்டு விழுந்த வருஷம் தளம் போட்டோம் என்றுதான் கணக்கு. தளம் போட்டது 1994. சென்ட்ரிங் பிரிப்பதற்கு முன்பே தளத்தின் மேல் நான்கு மூலையிலும் கம்பியை நீட்டி விடச் சொல்லியிருக்கிறார். மாடி எடுக்கப் பத்து வருடம் ஆகும் என்று தெரிந்தும் கம்பியை நீட்டி விடுகிற நம்பிக்கை இருக்கிறதே, அது வாடகை வீட்டில் இருப்பவருக்கு வர வழியே இல்லை. அந்தக் கம்பிகளில்தான் நாங்கள் பட்டம் சிக்கவைத்துத் திட்டு வாங்கினோம்.

1996-ல் கொத்தவால்சாவடிச் சந்தை கோயம்பேட்டுக்கு மாறியது. பாம்பு புடுங்கும் காடு என்று கேலி செய்த இடத்துக்கு அடுத்தபடியே பட்டணத்தின் மிகப் பெரிய காய்கறிச் சந்தை வந்து உட்கார்ந்தது. பெரிய மகன் நடந்தே வேலைக்குப் போனார். ஆயாவின் இட்லிக்குச் சந்தை ஆட்கள் சேர்ந்தார்கள். 2002-ல் பேருந்து நிலையம், 2015-ல் அரும்பாக்கத்துக்கு மெட்ரோ ரயில். ஆரம்பத்தில் பாதி மனை காலியாகக் கிடந்ததைப் பார்த்துத் தோல்வி என்று எழுதப்பட்ட திட்டம் இது. சமீப வருடங்களில் சென்னையிலும் மும்பையிலும் இத்தகைய இடங்களைத் திரும்ப வந்து பார்த்த ஆய்வாளர்கள், பல வருமானத்தாரும் கலந்து வாழும் நல்ல குடியிருப்புகளாக அவை மாறியிருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு தலைமுறை பொறுத்திருந்தால் போதும், ஐந்து வருடத்தில் தீர்ப்பு எழுத அவசரப்பட்டுவிட்டார்கள்.

மனை ஒரு பெயரில், வாழ்வு இன்னொரு பெயரில்

கணவர் 1999-ல் மாரடைப்பில் இறந்தார். தவணை இரண்டு வருடம் பாக்கி. ஒதுக்கீட்டு ஆணையில் அவர் பெயர் மட்டும்தான். சலான்களில் பெரும்பாலானவற்றைப் போய்க் கட்டியவர் ஆயா. கணவர் விழுந்த பின் கட்டிய பணமும் பெரும்பாலும் இட்லிப் பணம். காகிதத்தில் அவர் எங்கும் இல்லை.

முன்பணத்துக்குக் கை கொடுத்த கொழுந்தனார், எனக்கும் பங்கு உண்டு என்று வந்தார். கணவன் தானாகச் சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இறந்தவரின் தாய்க்கும் சம பங்கு. இவர்கள் இருக்கும்போது சகோதரனுக்கு ஒன்றும் இல்லை. இது தெரிந்து சொல்ல அன்று பக்கத்தில் இருந்தவர் அந்த ஆசிரியர் ஒருவர்தான். மாமியார் உயிரோடு இருந்தார். அவர் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். கொழுந்தனார் வீட்டில் இருந்த கிழவியை ஆயா மூன்று முறை போய்ப் பார்த்தார். மூன்றாவது முறை கிழவி, “நீ சோறு போட்டே, நான் கைநாட்டு போடறேன்” என்று பையை எடுத்துக்கொண்டு கூடவே வந்துவிட்டாராம். கொழுந்தனாரின் முன்பணத்தை இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்து அந்தப் பேச்சை முடித்தார்கள். வாரிசுச் சான்று, இளைய மகனுக்குப் பதினெட்டு நிரம்பும் வரை காத்திருப்பு, பெயர் மாற்றம், மிச்சத் தவணை என்று எல்லாம் முடிந்து கிரயப் பத்திரம் ஆயா பெயரில் பதிவானது 2003-ல்.

நான்கு வருட அலைச்சல். ஆரம்பத்திலேயே இருவர் பெயரிலும் ஒதுக்கியிருந்தால் இதில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும். சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டுக் கடற்கரையில் கட்டிக்கொடுத்த வீடுகளைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கொடுத்தார்கள். 2015-ல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்திலும் பெண் பெயர் அல்லது கூட்டுப் பெயர் என்பது விதி. என் வேலையில் ஒரு குடும்பம் வீட்டுக்கு விண்ணப்பம் போடும்போது நான் விடாப்பிடியாக நிற்கும் இடம் இதுதான். அந்தப் பிடிவாதத்தை எனக்குள் போட்டது ஆயாவின் இந்த நான்கு வருடம்.

2005-ல் மாடி எடுத்தார்கள். பத்து வருடமாக நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துரு தட்டித் தேய்த்துப் பயன்பட்டன.

தண்ணீர் வந்த இரவு, சந்தை மூடிய கோடை

2015 டிசம்பர் 1 இரவு கூவம் கரை தாண்டியது. தரைத் தளத்தில் இடுப்பளவு தண்ணீர். பத்திரமும் சலான் கம்பியும் இருந்த டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு ஆயா மாடிப்படி ஏறினார். மாடியில் குடியிருந்த சமையல்காரர் குடும்பமும் இவர்களும் தெருவில் ஓட்டு வீடுகளில் இருந்த இன்னும் இரண்டு குடும்பமும் ஒரே அறையில் மூன்று நாள். கிரைண்டர், பிரிட்ஜ், அரிசி மூட்டை, பேரப் பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போயிற்று.

இதிலே சொந்த வீடு என்ன செய்தது என்பதை இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். வடிந்த மறுநாளே சேறு தள்ளி, சுண்ணாம்படித்து, ஆறாம் நாள் அடுப்பு மூட்டினார். ரேஷன் கார்டு முப்பது வருடமாக ஒரே முகவரியில் இருந்ததால் நிவாரணம் ஐயாயிரம் சிக்கலில்லாமல் வந்தது. அடிக்கடி வீடு மாறியதால் கார்டு பழைய முகவரியிலேயே கிடந்த வாடகைக்காரர்கள் அலைந்ததை நானே பார்த்தேன். மறுபக்கம், ஒயரிங், கதவு, மோட்டார் என்று பழுது பார்த்த செலவு முழுக்க இவர்கள் தலையில்தான். தெருவில் பயந்துபோன வாடகைக்காரர்கள் பலர் மேட்டுப் பகுதிக்கு மாறிப் போனார்கள். இவர்களால் மாற முடியாது. மனை உங்களைத் தாங்கும், அதே மனை உங்களைக் கட்டியும் போடும்.

அதற்குப் பின் சுவிட்சு போர்டையெல்லாம் தோள் உயரத்துக்கு ஏற்றினார்கள். புதுக் கிரைண்டருக்கு மூன்றடியில் செங்கல் மேடை கட்டினார்கள். டின் மாடிப் பரணுக்குப் போனது.

2020 மார்ச் ஊரடங்கில் இட்லிக்கடை நின்றது. கோயம்பேடு சந்தையில் தொற்று பரவியதால் மே 5 அன்று அதை மூடி, திருமழிசையில் தற்காலிகச் சந்தை வைத்தார்கள். காய்கறிச் சந்தை திரும்பத் திறந்தது செப்டம்பர் 28-ல். ஏறக்குறைய ஐந்து மாதம் பெரிய மகனுக்குக் கூலி இல்லை. ஆறு பேர் கொண்ட வீட்டில் வந்த ஒரே சம்பளம், கூரியரில் வேலை பார்த்த இளைய மகனுடைய பாதிச் சம்பளம். அந்த மாதங்களின் செலவை மருமகள் பேரனின் பழைய நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருக்கிறார். கேஸ், பால், மருந்து, கரண்டு பில், மாவட்டம் விட்டுப் போக முடியாத சித்தப்பாவுக்கு அனுப்பிய பணம். ரேஷனில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் இலவசமாக வந்தன, ஏப்ரலில் ஆயிரம் ரூபாய் வந்தது. வாடகை என்ற வரி நோட்டில் எங்கேயும் இல்லை. அதே தெருவில் அதே அளவு அறைக்கு அன்று மாதம் எட்டாயிரத்துக்குக் குறையாது. ஐந்து மாதத்துக்கு நாற்பதாயிரம். அந்த நாற்பதாயிரம் கடனாக ஏறாமல் போனதுதான் இந்த வீட்டின் 2020.

மாடியில் சமையல்காரர் குடும்பம் தவித்தது. கல்யாணங்கள் நின்றுபோனதால் அவருக்கும் வேலை இல்லை. ஆயா நான்கு மாத வாடகை கேட்கவில்லை. பிறகும் பாதிதான் வாங்கினார். ஏன் என்று கேட்டதற்கு அடுப்பைக் காட்டினார். முதலில் எனக்குப் புரியவில்லை. ஜார்ஜ் டவுன் பணியார அடுப்பு ஞாபகம் வர ஒரு நிமிடம் ஆனது.

தங்கைக்கும் வீடு கிடைத்தது

ஆயாவின் தங்கை வாழ்க்கை முழுக்க வாடகையிலும் கடைசியில் கூவக்கரைக் குடிசையிலும் இருந்தவர். வெள்ளத்துக்குப் பிறகு கரையோரக் குடும்பங்களை அகற்றியபோது பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் ஐந்தாம் தளத்தில் வீடு கிடைத்தது. கான்கிரீட் வீடு, உள்ளேயே கழிவறை, தண்ணீர் இடுப்பளவு வர வாய்ப்பில்லை. ஆனால் அவர் பாத்திரம் தேய்த்த வீடுகள் அண்ணா நகரில். இரண்டு பஸ் மாறி, போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ஒரு வருடத்தில் நான்கு வீட்டு வேலையில் மூன்று போய்விட்டது. பள்ளிக்கூடம் மாறிய பேரன் புது இடத்தில் ஒட்டவில்லை, ஒன்பதாவதோடு நிறுத்திவிட்டான்.

“அவளுக்கும் வீடு குடுத்தாங்க, எனக்கும் குடுத்தாங்க. எனக்கு மண்ணு குடுத்தாங்க, அவளுக்கு மாடி குடுத்தாங்க” என்றார் ஆயா.

இரண்டு குடும்பமும் பட்டணத்தின் ஓரத்துக்குத்தான் போயின. ஒருவர் மனுப் போட்டு, தவணை கட்ட ஒப்புக்கொண்டு போனார். மற்றவர் வீடு இடிக்கப்பட்டுப் போனார். ஒருவருக்கு ஆறடித் திண்ணை இருந்தது, ஐந்தாம் மாடியில் இட்லிக்கடை போட இடமில்லை. ஒருவருக்குப் பக்கத்துத் தெருவில் ஆசிரியரும் குமாஸ்தாவும் இருந்தார்கள், மற்றவரைச் சுற்றி அவரைப் போலவே வேலை இழந்தவர்கள். மலிவு வீடு என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைப்பதை நான் ஏற்பதில்லை. விலை மலிவாக இருந்து பஸ் செலவும் இழந்த கூலியும் அதைத் தின்றுவிட்டால் அந்த வீடு மலிவாகுமா?

இந்தக் குடும்பத்தை வைத்து எல்லாருக்கும் இப்படியே ஆகும் என்றும் நான் சொல்ல மாட்டேன். எங்கள் தெருக்களில் முதலில் மனை வாங்கியவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பலர் பவர் கொடுத்துவிட்டுப் போனார்கள். சிலர் அந்தப் பணத்தில் மகளுக்குக் கல்யாணம் செய்தார்கள், சிலர் ஆஸ்பத்திரிக்குக் கட்டினார்கள். அவர்களுக்கும் மனை ஒரு முறை கை கொடுத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் இரண்டாவது கஷ்டம் வந்தபோது அவர்கள் மறுபடி வாடகை வீட்டில் இருந்தார்கள். ஆயாவின் எதிர் வரிசையில் இருந்த ஒரு குடும்பம் 1989-ல் விற்றுவிட்டு அயனாவரத்துக்கு வாடகைக்குப் போனது. அந்த அம்மா இன்னமும் எப்போதாவது வந்து திண்ணையில் உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, எதிர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போகிறார்.

இப்போது அந்த வீட்டில் புதிய பேச்சு ஒன்று ஓடுகிறது. இரண்டு மகன்கள், ஒரு மகள், 40 சதுர மீட்டர். மண்ணைப் பிரிக்க முடியாது. கீழ்த்தளம் ஒருவருக்கு, மாடி ஒருவருக்கு என்றால் மகளுக்கு என்ன? விற்றுப் பங்கு போடலாம் என்று இளையவர் சொல்கிறார். அவருக்கு ஆவடிப் பக்கம் தனி வீடு வாங்கும் ஆசை, அதில் தப்பில்லை. இன்னொரு மாடி எடுக்கலாம் என்கிறார் மகள். அஸ்திவாரம் தாங்குமா என்று இன்ஜினியர் பார்த்துச் சொல்ல வேண்டும். தானமாக எழுதுவதா, உயில் எழுதுவதா என்று ஆயா என்னைக் கேட்டார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சொன்னேன்: தானம் எழுதிக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு, உயிலை உயிரோடு இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டுப் பரணிலிருந்து டின்னை இறக்கச் சொன்னார். பத்திரத்தை எடுத்து என்னிடம் கொடுத்துப் பெயர் இருக்கும் வரியை மறுபடி ஒரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். “உயிலே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, ஊறப்போட்ட அரிசியைப் பார்க்க எழுந்து போனார்.